வாலில் கிடைத்த தடயம்

ஆற்றுத் திருவிழாவில் நீர்நாய் வேஷம் போட யாரும் சிக்காததால், நகராட்சிச் சாக்கடைப் பிரிவில் அதிகாரியாக இருக்கும் என் அக்கா கணவரைப் பிடித்து உடுப்புக்குள் திணித்துவிட்டார்கள். அவர் கரையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தபோது நிஜ நீர்நாய் ஒன்று தண்ணீரிலிருந்து ஏறி வந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவருடைய பஞ்சு வாலின்மேல் ஆய் போய்விட்டு, அவசரமில்லாமல் ஆற்றுக்குத் திரும்பியது.

விழாவுக்கு வந்திருந்த விலங்கியல் பேராசிரியை மூச்சிரைக்க ஓடி வந்தார். "சார், அசையாதீங்க. தண்ணி சுத்தமா இருந்தாத்தான் நீர்நாய் வரும். இந்த ஆத்துல முப்பது வருஷத்துல கிடைச்ச முதல் தடயம் இது."

"இந்த ஆத்துல அசிங்கம் கலக்காம இருக்கத்தான் நான் பதினெட்டு வருஷமா நாயா அலைஞ்சேன்" என்றார் அவர், பெருமை தாங்காமல்.

ஒரு மணி நேரம் அவர் அசையவில்லை. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் வந்து பார்த்தார்கள்.

அக்கா மட்டும் தள்ளி நின்று, "வாலை அங்கயே கழட்டிக் குடுத்துட்டு வாங்க. கார்ல ஏத்த மாட்டேன்" என்றாள்.