உடன் வசிப்பவர்கள்

கும்மிடிப்பூண்டி இரும்பு உருக்காலைகளில் காசநோய் எப்படிப் பரவுகிறது என்பதுதான் பிரின்சியின் முனைவர் பட்ட ஆய்வு. ஊரார் சளியையெல்லாம் டப்பாவில் பிடித்துப் பெயரெழுதி வைத்தவள், வீட்டில் அப்பா இருமினால் மட்டும் உலைப்புகை என்று விட்டுவிட்டாள். படித்தவள் புத்தி அப்படி.

ஆய்வகத் தோழி மோனிகாவிடம், உலையில் வேலை பார்க்கும் அப்பாவைத் துறைமுகத்தில் அதிகாரி என்று சொல்லியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? ஆலை வாசலில் போட்ட சளிப் பரிசோதனை முகாமில், ஒன்பதாவது ஆளாக, கரி படிந்த சட்டையோடு அப்பா இம்மானுவேல் வந்து நின்றார்.

பிரின்சிக்கு முகம் வெளிறியது. பக்கத்தில் மோனிகா. பிரின்சி முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் பெயரும் வயதும் கேட்டு எழுதினாள். வீட்டில் உடன் வசிப்பவர்கள் யார் என்று கேட்டபோதுதான் அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் இல்ல மேடம். தனியாத்தான் கீறேன்."

அவள் 'யாரும் இல்லை' என்றே எழுதினாள்.

அன்று மாலை வீட்டில் அவர் கோபப்படவில்லை. அம்மா கிரேஸ் அடுப்படிக்குப் போனதும் மெல்லக் கேட்டார்.

"கரெக்டா சொன்னேனா பாப்பா?"

நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. அப்பாவுக்குக் காசநோய். வழிகாட்டிப் பேராசிரியை பிரேமா படிவத்தைப் பார்த்துவிட்டு, தனி ஆள்தானே, வீட்டில் பரிசோதிக்க யாருமில்லை, கோப்பை மூடிவிடலாம் என்றார். ஒரு வாரமாக அம்மாவும் இருமிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அவர் எங்கப்பா. அம்மாவும் நானும் கூடத்தான் இருக்கோம்."

பிரேமா திட்டவில்லை. படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். ஆய்வுப் படிவத்தில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பின்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். 'யாரும் இல்லை' என்பதன்மேல் கோடு போட்டு, 'கிரேஸ், மனைவி. பிரின்சி, மகள்' என்று எழுதினாள். திருத்தத்துக்குக் காரணம் கேட்டிருந்த இடத்தில் கை நின்றுவிட்டது. பிறகு எழுதினாள்: 'பொய் என்று தெரிந்தே எழுதினேன்.'

விதிப்படி இன்னொரு ஆய்வாளரும் படித்துக் கையெழுத்திட வேண்டும். மோனிகா பேனாவைத் திறந்தாள். அந்த ஒரு வரியைப் படிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.