ஸ்ரெபானியின் கேக்கில் எழுதியிருந்த சொல்

1

இந்தக் கதை ஒரு கேக்கிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். டென்மார்க்கின் பிராண்டேயில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தால், மேசையில் பச்சை ஐசிங் பூசிய உதைபந்து மைதானம். நடுவில் வெள்ளை எழுத்தில் ‘ஸ்கொலர்ஷிப்’. அது பொய் என்று அங்கே ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். (தாய் மேரிகிறேஸ் அன்று முதியோர் இல்லத்தில் வேலையில் நின்றார். அவர் வந்திருந்தால் பொய் அங்கேயே உடைந்திருக்கும், எனக்கு இங்கே வேலையே இல்லை.)

2

முதல் முயற்சி: ‘விசில் ஊதியதும் ஸ்ரெபானி ஈரப்புல்லின் மணத்தை…’

வேண்டாம். விளையாட்டுக் கதையென்றால் உடனே புல்லை முகரத் தொடங்கிவிடுகிறோம்.

ஸ்ரெபானிக்குப் பத்தொன்பது வயது. ஏழு வயதிலிருந்து ஊர் உதைபந்துக் கழகத்தில் இடப்பக்கத் தடுப்பாட்டம். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் படிக்க இடம் கிடைத்தது, செலவு வீட்டுடையது. அங்குள்ள உதைபந்துப் பயிற்றுநருக்கு எழுதிக் கேட்டாள். புலமைப்பரிசில், அதாவது ஸ்கொலர்ஷிப், இல்லை, அணியில் இடம் உறுதியில்லை, ஆகஸ்டில் இரண்டு நாள் தேர்வு, விரும்பினால் வரலாம் என்று பதில் வந்தது. அவளுக்கு அந்த ‘வரலாம்’ தாராளமாகப் போதும். அப்பாவுக்குத்தான் போதவில்லை.

3

அப்பா பேனாட் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். அவரைப் பெருமையடிக்கிற மனிதராக எழுதி ஒரு பக்கத்தை வீணாக்கினேன். பிறகுதான் அவர் பொய் சொன்ன இடத்தை யோசித்தேன். தேவாலயக் கார்த் தரிப்பிடம். அதே பூசைக்கு வரும் குருசுமுத்து கேட்டார்: “பொம்பிளைப் பிள்ளையைத் தனிய அமெரிக்காவுக்கு விடுறியளோ, பந்தடிக்க?”

அந்தக் கேள்வியின் வாயை அடைக்க எங்கள் ஆட்களிடம் ஒரேயொரு பதில்தான் செல்லும்: ஸ்கொலர்ஷிப். பேனாட் அதைச் சொல்லிவிட்டார். பெருமையில் அல்ல, பயத்தில். மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்ற பயம். குருசுமுத்து உண்மையாகவே சந்தோஷப்பட்டு, அடுத்த பூசைக்குக் கேக் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று பூசைக்குக் காரில் வரும்போதுதான் பேனாட் இதை மகளிடம் சொன்னார். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் ஓடிவிடும். டேனிஷில் சொன்னதன் சாரம் இது: நான் தேர்வில் எடுபடாவிட்டால் அது என் தோல்வியாக இருக்கட்டும், உங்கள் பொய் பிடிபட்டதாக இருக்க வேண்டாம்.

“இண்டைக்கு மட்டும் வெட்டிவிடு, பிள்ளை,” என்றார் பேனாட்.

4

முடிவு (அ): ஒலிவாங்கியை வாங்கி உண்மையை உடைக்கிறாள். எழுதிப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள், பேனாட் மட்டும் அதற்குப் பிறகு பூசைக்கு வரவில்லை. கிழித்தேன்.

முடிவு (ஆ): சிரித்துக்கொண்டு வெட்டுகிறாள். அவள் சிரிப்பை எழுதவே எனக்கு வெட்கமாக இருந்தது.

5

ஆகவே, கத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

அவள் வெட்டவில்லை. கத்தியைப் படுக்கவைத்து அந்த எழுத்துகளை மெல்ல இழுத்துத் தடவினாள். மைதானத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது, நடுக்கோடு. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு வெட்டி, முதல் துண்டை வழமைபோல்* அப்பாவுக்குத் தீத்தினாள். தீத்தும்போது தமிழில் சொன்னாள்.

“அப்பா, அமெரிக்காவிலை அவை எனக்கு ஒண்டும் தரேல்லை. நான் போய்க் கேக்கப் போறன்.”

(* எங்கள் கொண்டாட்டங்களில் முதல் துண்டைப் பெற்றோருக்கு ஊட்ட வேண்டும், படம் எடுத்து முடியும்வரை அவர்கள் வாயைத் திறந்தபடி நிற்க வேண்டும்.)

கைபேசியோடு படமெடுக்க நின்ற குருசுமுத்துவுக்குப் பாதிதான் கேட்டது. “பிள்ளை என்ன சொல்லுறாள், பேனாட்?”

பேனாட்டின் வாய் நிறையக் கேக். மெல்லுகிறார். விழுங்கியதும் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் சொல்வதாக மூன்று வசனங்கள் எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். ஆகஸ்டில் அவள் எடுபட்டாளா என்று என்னிடம் கேட்காதீர்கள். அது அவள் பாடு. பேனாட்டின் பதிலை மட்டும் நீங்கள் எழுதுங்கள். எழுதும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: விரலில் ஐசிங்கோடு, மகள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.