ஆயுத பூஜைக்கு விட்ட எண்ணெய்

ஆயுத பூஜை அன்று காலை நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குக் கிளம்பும்போது சேகரன் மாமா மாடியைக் காட்டிச் சிரித்தார்.

"எங்க மிஷினுக்கெல்லாம் அங்க பூஜை. என்ற மிஷினுக்கு நீங்க ஒரு பொட்டு வெச்சுருங்க."

மாடியில் இருந்தது அவருடைய தொலைநோக்கி. தீபா அக்கா தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு எங்கள் ஊர் மார்டள்ளியிலிருந்து இங்கே மைசூருக்கு அக்கா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, துடைப்பதும் கழுவுவதும் என் வேலை. அந்த எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கேமரா மாட்டும் குழலின் அடியில் பளபளவென்று ஒரு மெல்லிய கம்பி இருந்தது. அதில் மூன்று சொட்டு விட்டேன். பிறகு மூன்று காலிலும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப் பூ. மாமா சாயங்காலம் வந்து பார்த்து, "அட, வினிதா ஜோரா பண்ணிருக்குதே" என்றார்.

பத்து நாள் கழித்து வால்நட்சத்திரம் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு மேற்கே தொலைநோக்கியில் முக்கால் மணி நேரம் தெரியும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் திரும்பி வருமாம். இந்த மாதிரி ஒன்றைப் படம் எடுக்கத்தான் இத்தனை வருஷமாகத் தொலைநோக்கியை வைத்துக் காத்திருந்ததாக மாமா சொன்னார். அவருக்கு எட்டு மாலைப் பொழுதுகள் இருந்தன. ஒன்பதாம் நாளிலிருந்து இரண்டாவது ஷிப்ட், ராத்திரிதான் வீடு திரும்புவார்.

முதல் நாளே தகராறு. வால்நட்சத்திரத்துக்குத் திருப்பும் முன் வேறொரு நட்சத்திரத்தை வைத்துக் கூர்மை பார்க்க வேண்டும். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த நட்சத்திரத்தைக் கூர்மையாக்க ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. கணினி சொன்னால் அது தானாகவே சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும். மோட்டார் சுற்றியது. கணினியில் எண் ஏறியது. நட்சத்திரம் மட்டும் உளுந்து வடை மாதிரி ஓட்டையோடு மங்கலாக அப்படியே இருந்தது.

மாமா ஒயரை மாற்றினார். மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினார். மோட்டாரைக் கழற்றி மாட்டினார். கையால் குழலைத் தள்ளி நிறுத்திப் பார்த்தார். கேமராவின் கனத்தில் அது மெல்லச் சரிந்தது. பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

"ஏனுங்க, அந்த வால் வெச்சவளையே கட்டியிருக்கலாமுங்க. ரசம் ஆறிப்போச்சு" என்று அக்கா கீழேயிருந்து கத்தினாள்.

"சும்னே இருடி. அவளாச்சும் சத்தம் போடமாட்டா."

நான்காம் நாள் மஞ்சுநாத் என்கிற நண்பர் போனில் பேசி அனுப்பியிருந்தார். மாமா அதைச் சத்தமாகப் போட்டார். கன்னடத்தில்தான் பேசினார், எனக்குப் புரிந்தது. அந்தக் குழலுக்குப் பல் கிடையாது, கம்பி அழுத்திப் பிடிப்பதால்தான் நகர்கிறது, அதில் எண்ணெய்ப் பசை இருந்தால் கம்பி வழுக்கும், பார்.

மாமா சிரித்தார். "எண்ணெயா? இதுல போயி எவன் எண்ணெய் விடுவான், மூளை கெட்டவன்!"

நான் டார்ச் வெளிச்சத்தைக் கம்பியிலிருந்து விலக்கினேன். "நேராப் புடி புள்ள" என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு மேலே போய்த் துப்பட்டாவால் கம்பியை அழுத்தித் துடைத்தேன். துணியில் கறுப்பாக வந்தது. சரியாகிவிடும் என்று நினைத்தேன். அன்று மாலையும் நட்சத்திரம் வடையாகவே நின்றது. எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தது. ஆறாம் நாளும் ஏழாம் நாளும் மழை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எட்டாம் நாள் வானம் திறந்திருந்தது. அரை மணி நேரம் போராடிவிட்டு மாமா கணினியின் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாமா."

"என்ன?"

"நாந்தானுங்க. பூஜைக்கு. மூணு சொட்டு."

அவர் என்னைப் பார்த்தார். எழுந்துபோய் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். மோட்டாரை விலக்கி, கம்பியை உருவி, குழலின் அடிப்பக்கம் வரை துடைத்து மாட்டினார். கணினியில் கூர்மையை அளந்து காட்டும் புள்ளிகள் வரிசையாக இறங்கி, அடியில் திரும்பி, அழகாக ஏறின. நட்சத்திரம் ஊசிமுனையாகச் சுருங்கியது. மாமா வேகமாகத் தொலைநோக்கியை மேற்கே திருப்பினார்.

எதிர்வீட்டுச் சுவருக்குக் கீழே வால்நட்சத்திரம் இறங்கிவிட்டிருந்தது.

"எட்டு நாளு பக்கத்துலயே நின்னியே புள்ள" என்றார். கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

மறுநாள் மதியம் ஷிப்டுக்குப் போனார். அடுத்த வாரம் அது சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடும், யார் கண்ணுக்கும் தெரியாது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பொழுது சாய்ந்ததும் நான் மட்டும் மாடிக்குப் போனேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அது எங்கே இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியும். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.