கைகுலுக்கிவிட்டு வாங்கிய அடி

டெரெக் அடித்த ஒரே அடியில் நெவிலின் இடது கன்ன எலும்பு விரிசல் விட்டது. அதில் நெவிலுக்கு வருத்தமே இல்லை.

டெரெக், நெவிலின் அக்கா பாலினின் புருஷன். அம்மாவின் இறுதிச் சடங்கு முடிந்து பப்பில் உட்கார்ந்திருந்தபோது, அவளை முதியோர் இல்லத்தில் தள்ளிவிட்டவன் என்று நெவிலைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டான். "அம்மாவே சரின்னுதானே போனா" என்று நெவில் சொல்லிப் பார்த்தான். வார்த்தை வளர்ந்தது. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு. கடிகாரத்தையும் கண்ணாடியையும் கழற்றி பப்காரரிடம் கொடுத்தார்கள். பின்முற்றத்துக்குப் போய்க் கைகுலுக்கினார்கள். நெவில் முதலில் வீசினான், குறி தப்பியது. டெரெக்குக்குத் தப்பவில்லை. பிறகு இருவரும் உள்ளே வந்து ஒரே மேசையில் பீர் குடித்தார்கள். சண்டை அதோடு தீர்ந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த யாரோ போலீசுக்குப் போன் செய்ததால்தான் வழக்கு வந்தது. எனக்குப் புகாரே இல்லை என்று நெவில் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. டெரெக் பள்ளிக் குழந்தைகளுக்கு மினிபஸ் ஓட்டுகிறவன். குற்றவாளி என்று தீர்ப்பானால் அந்த வேலை போய்விடும்.

சாட்சி சொல்லப் போகும்போது நீதிமன்ற வாசலில் பாலின் நெவிலைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வால் சேத்துப் பேசாத."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா பயமில்லடா. சொல்றதக் கேக்கும்."

நெவில் மனதுக்குள் ஒரு துருப்புச் சீட்டு வைத்திருந்தான். விரும்பிக் கொடுத்த பொருளை எடுத்துப் போகிறவன் திருடன் ஆவானா? வா என்று கூப்பிட்டு வாங்கிக்கொண்ட அடியும் அப்படித்தானே?

டெரெக்கின் வக்கீல் மிஸ் என்ட்விசில் எழுந்து கேட்டாள். "முதல்ல கை ஓங்கினது யாரு?"

"நான்தாங்க."

"அதுக்கப்புறம்தான் அவர் அடிச்சாரா?"

"ஆமாங்க."

தற்காப்புக்கு அது போதும். அவள் திருப்தியாக உட்காரப் போனாள். நெவிலால் அப்படியே விட முடியவில்லை.

"இன்னொண்ணு சொல்லணுங்க. மச்சான் மேல தப்பே இல்ல. ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான் வெளிய போனோம். கைகுலுக்கினோம். முழு மனசோடதான் சம்மதிச்சேன்."

மிஸ் என்ட்விசில் கண்ணை மூடிக்கொண்டாள். அரசு வக்கீல் மெல்ல எழுந்தார்.

"கைகுலுக்கினது உறுதிதானா?"

"சத்தியமாங்க."

"ரொம்ப நன்றி."

எதற்கு இந்த நன்றி என்று நெவில் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

மூன்று மாஜிஸ்திரேட்டுகளில் நடுவில் இருந்த அம்மாள் தீர்ப்பைச் சொன்னாள். பேசி வைத்து அடித்துக்கொள்ளப் போனவன் தற்காப்பு என்று சொல்ல முடியாது. எலும்பு உடையும் அளவுக்கு அடித்துவிட்டு, அடி வாங்கியவன் சம்மதித்தான் என்றும் சொல்ல முடியாது. குத்துச்சண்டை மேடை, ரக்பி மைதானம், டாக்டரின் கத்தி என்று சிலவற்றுக்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பப்பின் பின்முற்றம் அதில் சேராது.

"இது என் மூஞ்சிங்க!" பின்வரிசையிலிருந்து நெவில் கத்திவிட்டான்.

அந்த அம்மாள் அதட்டவில்லை. "ஒங்களோடதுதான், மிஸ்டர் கிரிம்ஷா. ஆனா அத ஒடைக்கச் சொல்லி இன்னொருத்தருக்கு அனுமதி குடுக்க ஒங்களால முடியாது. நீங்க சரின்னு சொல்லிட்டதால அவர் செஞ்சது சரின்னு ஆயிடாது."

டெரெக்குக்குச் சிறை இல்லை. சம்பளமில்லாத ஊர்ப்பணி மட்டும்தான். ஆனால் மினிபஸ் போனது போனதுதான்.

வெளியே மழை தூறியது. பாலின் தம்பியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் காருக்குப் போய்விட்டாள். டெரெக் படியில் நின்று, ஈரத்தில் பற்றாத சிகரெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்க மச்சான். ஒன்னக் காப்பாத்தணும்னுதான் சொன்னேன்."

"தெரியும்டா. அதான் திட்டக்கூட முடியல."

நெவில் கன்னத்தைத் தடவிக்கொண்டான். எலும்பு கூடிவிட்டது. சரி என்று சொல்லிவிட்டதால் செய்தது சரியாகிவிடாது என்று மாஜிஸ்திரேட் அம்மாள் சொன்னதுதான் உள்ளே எங்கோ நெருடியது.

"அம்மாவும் சரின்னுதான் சொன்னா மச்சான். பெட்டிய அவளே எடுத்து வச்சா. நான் அதையே பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

டெரெக் சிகரெட்டைத் தூக்கி எறிந்தான்.

"வா, வண்டியில ஏறு. நனையாத."

"அக்கா ஏத்திக்குவாளா?"

"அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? நான்தான இனிமே சும்மா இருக்கேன், ஓட்டுறதுக்கு."

நெவில் சிரிக்கலாமா என்று தெரியாமல் அவன் பின்னால் நடந்தான்.