பட்டு நூலால் அளந்த சாலை

சென்ற ஆண்டு ஆவணி மாதம் ஆரணியில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் இருபத்தோரு நாள் நடந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்து, ஓடியவர்களுக்கெல்லாம் இட்லி கொடுத்து அனுப்புவதாக ஏற்பாடு. தவறு தூரத்தை அளந்ததில் நேர்ந்தது. சேவூரைத் தாண்டியுள்ள வயல்களில் தொடங்கி, சேவூர் வழியாக வந்து, கோட்டை மைதான வாசலில் முடிய வேண்டும். சித்திரை மாதம் விழாக் குழுவினர் மூன்று மோட்டார் சைக்கிள்களில் போய் அளந்தார்கள். மூன்றும் மூன்று தூரத்தைக் காட்டின. சேலையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை நெசவாளர்களுக்கு அளந்து கொடுக்கும் சின்னப்பையன் அதைக் கேட்டுச் சிரித்தார். நாற்பது வருடத்தில் அவர் அளவு விரற்கடை பிசகியதில்லை. "இன்னாத்துக்கு வண்டியப் போட்டு பேஜார் பண்ணிகினு? நூலப் புடிச்சி நான் அளந்து தரேன்" என்றார். மூன்று சேலைக்கான பாவைப் பிரித்தால் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இழை வரும், அதில் எட்டில் ஒரு பங்கு போதும். கோட்டை வாசலில் ஒரு முனையைக் கட்டி, கம்பத்துக்குக் கம்பம் ஒற்றைப் பட்டு இழையைச் சுற்றிக்கொண்டே போய், பத்து கிலோமீட்டர் முடிந்த இடத்தில் ஒரு கல்லை நட்டார். பார்க்க லட்சணமாக இருந்ததால் நூலை அப்படியே விட்டுவிட்டார்கள். மழை ஈரத்தில் பட்டுப் பாவு தொய்ந்து நீளும் என்பது ஆரணியில் எல்லாருக்கும் தெரியும். தறியில் தெரிந்த விஷயம் சாலையில் யாருக்கும் நினைவு வரவில்லை.

ரேணுகாதேவியின் கணவன் கோபிநாத் எண்பத்தெட்டாம் எண்ணை நெஞ்சில் குத்திக்கொண்டு ஓடினான். முப்பத்து நான்கு வயது. பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடம் விட்டவன். செய்யாறு கம்பெனியில் ஷிப்டு ஒத்துவரவில்லை என்று ஐந்தாம் மாதம் திரும்பி வந்தவன். பிறகு குழித்தறியில் உட்கார்ந்தான். அங்கேயும் இரண்டு சேலைகள் முந்தானை வராமலே மாதக்கணக்கில் நின்றன. அவள் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்று காலை மட்டும், அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தறிக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "இதையாவது முழுசா முடிச்சிட்டு வாங்க. பாதியில வந்தா வூட்டுக்குள்ள சேக்க மாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவனும் சிரித்தான்.

முந்தைய நாள் மாலை பெய்த மழை விடிவதற்குள் விட்டிருந்தது. காற்றில் அதற்கு மேல் நீர் பிடிக்க இடமில்லை. நூற்று அறுபத்து மூன்று பேர் ஓடினார்கள். ஒருவர் வியர்வையும் உலரவில்லை. அது உடம்பிலிருந்து வழிந்து, தார் ரோட்டில் ஓடி, சேவூர் ஏரிக்கால்வாய் வரை போனது. எட்டு மணிக்கும் யாரும் கோட்டைக்கு வரவில்லை. நூல் நீண்டுகொண்டிருந்தது, சாலையும் அதோடு நீண்டது. பட்டு ஈரத்தில் நூறுக்கு இரண்டு மூன்று பங்கு நீளலாம் என்பது கணக்கு. இது அதோடு நிற்கவில்லை. நெஞ்சில் எண் குத்தியவர்களுக்கு மட்டும்தான் சாலை நீண்டது. எண்ணைப் பிய்த்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்தவர்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் பத்து நிமிடத்தில் ஊருக்குள் வந்து, ஆறிப்போன இட்லியைச் சாப்பிட்டார்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் நூற்று அறுபத்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

ரேணுகா டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு போனாள். நாலு நிமிட வழி. சேவூர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். எவ்வளவு ஓடியும் தொட்டி அவனுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வண்டியை அவன் வேகத்துக்கு உருட்டியபடி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை நீட்டினாள்.

"போதும், வந்துடுங்க. எல்லாரும் வூட்டுக்குப் போயாச்சி."

"தோ தெரியுது பாரு கோட்டை. இன்னும் கொஞ்சந்தான்."

"காலைல சொன்னத மனசுல வெச்சிகினு ஓடாதீங்க. நான் சும்மா சொன்னேன்."

"சும்மா சொன்னன்னு தெரியும்" என்றான், நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அவன் நிற்க விரும்பினான். அதற்குள் கால்கள் தறியின் மிதிகட்டையில் பழகியது போல அவனைக் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணைப் பிய்க்கப் பார்த்தாள். அது தோலோடு ஒட்டியிருந்தது. நான்கு பேர் குறுக்கே கட்டிப் பிடித்தார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடினான். அரசு மருத்துவர் ஒருவர் கூடவே ஓடி, உடல்சூடு நூற்றாறு என்று குறித்துக்கொண்டு, இப்படியே போனால் தாங்காது என்றார். தினமும் மாலையில் மழை பெய்தது. சாலையோரம் பஜ்ஜிக் கடை ஒன்று வந்து, ஐந்தாம் நாளோடு கூட்டம் குறைந்ததால் எடுக்கப்பட்டது. ரேணுகா வேளாவேளைக்குச் சோற்றைக் கரைத்து டம்ளரில் கொண்டு போனாள். பத்தாம் நாளுக்கு மேல் அவனுக்கு வியர்க்கவில்லை. உடம்பெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தான்.

நூலை அறுத்தால் நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. சின்னப்பையனிடம் போய்க் கேட்டாள்.

"தறில ஏத்தின பாவ முடியறதுக்குள்ள அறுக்கக் கூடாதும்மா. நம்ம ஜனம் யாரும் செஞ்சதில்ல."

"பாவு மேல என் வூட்டுக்காரர் ஓடிகினு கீறாரு மாமா."

"அதான் சொல்றேன். அறுத்தா மேல இருக்கறது விழும்."

ஒரு வாரம் அவள் அறுக்கவில்லை. வெயில் அடித்தால் நூல் காய்ந்து சுருங்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டாம் நாள் அவன் டம்ளரைப் பிடிக்கவில்லை. கஞ்சி வாயிலிருந்து வழிந்தது. "காலு கேக்க மாட்டேங்குது ரேணுகா" என்று மட்டும் சொன்னான். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவனுக்குப் பின்னாலிருந்த கம்பத்தில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் போல கோபிநாத் இரண்டடி தடுமாறி நின்றான். பிறகு சாலையோரம் உட்கார்ந்தான். அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சூட்டில் புடவை பொசுங்கிய வாடை வந்தது.

"முடிச்சிட்டனா?"

"முடிச்சிட்டீங்க. நீங்கதான் மொதல்ல வந்தீங்க."

அவன் எதையோ கேட்க வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தது.

சேவூரிலிருந்து சுடுகாட்டுக்கு வயல் வழியாகக் குறுக்குப் பாதை உண்டு. பத்தொன்பதாம் நாள் காலை பாடை கட்டியதும் உறவினர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். ரேணுகா குறுக்கே நின்றாள். கோட்டை வாசல் வரை கொண்டு போய், அப்புறம் எடுத்துப் போகச் சொன்னாள். அவள் தம்பி விக்னேஷ், "அக்கா, செத்தவனுக்கு இன்னாக்கா பந்தயம்?" என்றான். "முடிச்சிட்டீங்கன்னு அவருகிட்ட சொல்லிட்டேண்டா" என்றாள் அவள். பாடை சாலைப் பக்கம் திரும்பியது. எண் இன்னும் நெஞ்சில் இருந்தது. முன்பக்க நூல் கோட்டை வாசலில் கட்டியபடி மழையில் தொய்ந்து கிடந்தது. அதனால் தூக்கியவர்களுக்கும் சாலை நீண்டது. காலை பத்து மணிக்குப் புறப்பட்டவர்கள் மாலை வரை நடந்து, தோள் மாற்றினார்கள். மறுநாள் வேறு நான்கு பேர் வந்தார்கள். யாரும் அலுத்துக்கொள்ளவில்லை. டீயும் பன்னும் போய்க்கொண்டிருந்தன. பறையடித்தவர்கள் இரண்டாம் நாள் மதியம் தோல் தொய்ந்து நிறுத்தினார்கள். உடம்பு கெடவில்லை, உப்பு அதிகம் என்றார்கள். சின்னப்பையன் தான் நட்ட தொடக்கக் கல்லிலிருந்தே வெறுங்காலோடு நடந்து வந்து பாடைக்குப் பின்னால் சேர்ந்துகொண்டார்.

பெண்கள் பாடையோடு போகிற வழக்கமில்லை. ரேணுகா கோட்டை வாசலில் காத்திருந்தாள். மூன்றாம் நாள் நான்கரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். சுண்ணாம்புக் கோடு எப்போதோ கரைந்துபோயிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி அந்த இடத்தில் வைத்துக் காட்டினாள். தலைப்பக்கம் கடந்தது, கால்பக்கமும் கடந்தது. விழாக் குழுத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதிக்கொண்டார். எண்பத்தெட்டாம் எண் தானாக உரிந்து விழுந்தது.

பாடையைத் தோளில் சரியாக அமர்த்திக்கொண்டு அவர்கள் இடப்பக்கம் திரும்பினார்கள். சுடுகாடு எப்போதும் போலப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.