சத்தம் போடாத கால்சட்டை

மழை ஓயாத ஹிலோ ஊரில் வேட்டைக்காரர்களுக்கு உடுப்பு விற்கும் கடை என்னுடையது. அன்று காலையிலேயே மூன்றாவது மழை. நோஹியாவும் அவள் புருஷன் பிரான்சனும் சொட்டச் சொட்ட உள்ளே வந்தார்கள். நோஹியா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகப் பன்றி வேட்டைக்கு உரிமம் வாங்கியிருந்தாள். பிரான்சன் இருபது வருடமாகக் காட்டுக்குப் போகிறவன். அவனுக்கு எப்போதும் பழைய ஜீன்ஸும் ஓட்டை விழுந்த பனியனும்தான்.

"அங்கிள், கடையிலயே ஒசத்தியான கால்சட்டையா காட்டுங்க" என்றாள்.

"பன்னி உன் துணியப் பாத்து மயங்கி விழப்போவுதாக்கும்" என்றான் பிரான்சன்.

"உன் ஜீன்ஸப் பாத்து இத்தன வருசமா ஓடுதே, அது போதாதா?"

விலை கூடிய நான்கைந்தை எடுத்துப் போட்டேன். முதலில் தடித்த துணி. முள் ஏறாது, ஆனால் நனைந்தால் சாயங்காலம் வரை ஈரமாகக் கனக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றையும் கையில் கசக்கி, காதோரம் வைத்துத் தேய்த்துக் கேட்டாள். தண்ணீர்ப் புட்டியைத் துணிமேல் கவிழ்த்து, உதறிப் பார்த்தாள். கடைசியில் ஒன்றிடம் நின்றாள். மெல்லிய துணி, ஆனால் நெருக்கமான நெசவு, இழுத்தால் நீளும். முட்டியில் இரட்டைத் துணி. தொடையோரம் காற்றுக்குத் திறந்துவிட ஜிப்.

இதற்குள் பிரான்சன் இருப்பதிலேயே விலை அதிகமான மழைக்கோட்டை மாட்டிக் கழுத்து வரை இழுத்து மூடியிருந்தான். "ஒரு சொட்டு உள்ள போவாது பாரு" என்று கண்ணாடி முன் திரும்பித் திரும்பி நின்றான்.

நோஹியா அந்த மெல்லிய கால்சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள். "அங்கிள், பின்னாடி கொய்யாப் புதருக்குள்ள ஒரு தடவ நுழைஞ்சு பாக்கட்டுமா?"

முப்பது வருடத்தில் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. "கிழிஞ்சா உன்னுது" என்றேன்.

"கிழியலன்னாலும் என்னுதுதான்."

கொய்யாவும் முட்கொடியும் பின்னிக் கிடந்த அந்தப் புதருக்குள் அவள் குனிந்து நுழைந்தாள். நான் பின்வாசலில் நின்று பார்த்தேன். இலைமேல் மழை விழும் சத்தம் மட்டுமே கேட்டது. பத்தடி போனதும் சட்டென்று நின்று, யாரும் வராதீர்கள் என்பதுபோல் பின்பக்கமாகக் கையை விரித்துக் காட்டினாள். அவளுக்கு எதிரே கறுத்த தாய்ப்பன்றி ஒன்று, ஐந்து குட்டிகளோடு, உதிர்ந்த பழங்களைச் சப்புக்கொட்டித் தின்றுகொண்டிருந்தது. ஒரு கோலை நீட்டினால் தொட்டுவிடலாம். பன்றிக்கோ அவள் வந்ததே தெரியவில்லை.

அவள் காட்டிய சைகை பிரான்சனுக்குப் புரியவில்லை. கோட்டோடு அவனும் புகுந்தான். சரக், சரக்கென்று கிளைகள் கோட்டில் உரசின. பன்றி தலையைத் தூக்கி ஒரு உறுமல் உறுமியது. மறுகணம் குட்டிகளோடு காட்டுக்குள் மறைந்தது.

நோஹியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். காலில் ஒரு கீறல் இல்லை. பிரான்சன் கோட்டைக் கழற்றினான். பனியன் உடம்போடு ஒட்டிக் கிடந்தது; வேர்வை மணிக்கட்டு வழியே ஒழுகியது.

"ஒரு சொட்டு உள்ள போவாதுன்ன" என்றாள்.

"வெளியவும் வரல போல" என்று அவனே ஒப்புக்கொண்டான். கோட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான். "அங்கிள், அவ போட்டிருக்கறது என் இடுப்பு அளவுல இருக்கா?"

இருந்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கால்சட்டையில், பள்ளிப் பிள்ளைகள் போல ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

அடுத்த வாரம் நோஹியா புகையிட்ட பன்றிக்கறிப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் வேட்டையாடிய முதல் பன்றி, கொழுத்த ஆண். மலையிலிருந்து நேராக அவளுடைய அத்தை மகனும் கூட வந்திருந்தான். அவனுக்கும் அதே கால்சட்டை வேண்டுமாம்.

"மொதல்ல அங்கிள் சாப்பிடட்டும்" என்று அவனை நிறுத்திவிட்டு, ஒரு துண்டைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.