இடது பக்கத்துக் கப்பல்

ஞாயிறு மதியம் அத்தானும் நானும் கம்ப்யூட்டரில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டுவோம். எதிரி எங்கே வருகிறான் என்று மேப் காட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது பிடிக்காது. தண்ணீருக்கடியில் கிடப்பவனுக்கு எவன் மேப் போட்டுக் கொடுப்பான்? சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வாரம் பூரா கிரேன்ல உக்காந்துட்டு வர்றேன், மச்சான். விளையாட்டுலயும் கஷ்டப்படணுமா?" என்பார்.

இன்று கேட்காமலே மேப்பை அணைத்துவிட்டேன். ஹெட்போனை அவரிடம் கொடுத்தேன். கேட்பது அவர், திருப்புவது நான். அவர் சத்தத்தை முழுசாகக் கூட்டிக்கொண்டார்.

என்ன கேட்கிறது என்று கையால் ஜாடை காட்டினேன்.

"ஒண்ணுமில்ல. வெறும் கடல்."

அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே, ஹெட்போனின் இடப்பக்கத்திலிருந்து கசிந்து, எதிரிக் கப்பலின் விசிறி தண்ணீரில் சுற்றுவது கேட்டது. சர்ர், சர்ர். நெருங்கிக்கொண்டே வந்தது. அவர் கண்ணை மூடி, மும்முரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குண்டு விழுந்தது. மூழ்கினோம்.

"கேம்ல ஏதோ கோளாறு" என்று ஹெட்போனைக் கழற்றினார்.

சமையலறையிலிருந்து அக்கா சிரித்தாள். "எது சொன்னாலும் 'ஆங்?'னு கேக்குற மனுஷன்கிட்ட ஹெட்போனைக் குடுத்தா அப்படித்தான். கல்யாணமான எல்லா ஆம்பளைக்கும் இருக்குற வியாதிதானே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நைட் ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடந்த எனக்கு அவர்தான் வேலை வாங்கித் தந்திருந்தார். நாளை முதல் அவருடைய கிரேனுக்குக் கீழே நின்று, வாக்கி டாக்கியில் 'இறக்கு', 'நிறுத்து' சொல்ல வேண்டியவன் நான்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இடப்பக்கம் இருந்தபடியே, சாதாரணக் குரலில் சொன்னேன். "நிறுத்துங்க, அத்தான்."

துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நிறுத்துங்க. நான் கீழ இருக்கேன்."

கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து அவர் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"இடது காது எத்தனை நாளா இப்படி?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். "மெல்லப் பேசு. அக்காவுக்குக் கேட்டுறப் போகுது."

"அத்தான்..."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்டா. நீ கையைக் காட்டு போதும். மேலருந்து எனக்கு நல்லாத் தெரியும்."

"புழுதி கிளம்பினா?"

அவர் மவுஸை எடுத்து மேப்பைத் திரும்பப் போட்டார். எதிரிக் கப்பல்கள் சிவப்புச் சிவப்பாக வந்து நின்றன. "இந்தா, எவ்வளவு சுலபம் பாரு" என்றார்.

"அக்கா, இங்க வா" என்று கூப்பிட்டேன்.

அது அவருக்கு நன்றாகவே கேட்டது.